செயலாளரின் ஆண்டறிக்கை: இரண்டு தொட்டியும் ஒரு அளவு ஜாடியும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கை வாசித்தபோது பாதிப் பேர் மெல்ல எழுந்து போனதைப் பார்த்தேன். அதனால் எத்தனை கூட்டம், என்னென்ன தீர்மானம் என்பதையெல்லாம் குறிப்பேட்டிலேயே விட்டுவிடுகிறேன், வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். இந்த வருடம் சங்கத்தின் நேரத்தையும் என் தூக்கத்தையும் தின்றது நம் கழிவுநீர் நிலையம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. குடியிருப்புகளின் சாக்கடை நீரும் உறுப்பினர் ஆலைகளின் கழிவுநீரும் நம் இரண்டு எஸ்.பி.ஆர். (சீக்வென்சிங் பேட்ச் ரியாக்டர், எல்லா வேலையும் ஒரே தொட்டியில் முறை வைத்து நடப்பது) தொட்டிகளுக்கு வருகின்றன. வேறு நிலையங்களில் காற்றடிக்க ஒரு தொட்டி, கசடு படிய இன்னொரு தொட்டி என்று தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும், வேலைதான் மாறும்: நிரப்புவது, காற்றடிப்பது, காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்திப் படியவிடுவது, மேலே தெளிந்ததை டீகேன்டர் என்ற வடிப்பான் வழியாக இறக்குவது, மறுபடி நிரப்புவது. அடியில் தங்கும் கசடைக் குப்பை என்று நினைக்காதீர்கள், கழிவைத் தின்கிற நுண்ணுயிர்க் கூட்டம் அதுதான், நம் முதலே அதுதான்.

சென்ற பொதுக்குழுவில் ஒருவர், பழைய காலத்து முறையை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டார். பழையதுதான். கசடை வெளியே கொட்டாமல் அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டால், வாரக்கணக்கில் ஆன சுத்திகரிப்பு மணிக்கணக்கில் முடிகிறது என்று 1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் காட்டியதே இப்படி நிரப்பி இறக்கிய பாத்திரங்களில்தான். ஆள் வைத்து வால்வு திருப்பி மாளாமல் அப்புறம் எல்லோரும் தொடர் ஓட்டத்துக்குப் போனார்கள். 1970களில் அமெரிக்காவில் ராபர்ட் இர்வின் இதைத் திரும்பக் கையிலெடுத்தார், 1980இல் இண்டியானா மாநிலத்தின் கல்வர் ஊரில் முழு அளவில் ஓட்டியும் காட்டினார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஆண்டின் நடுவில் வெளியேறும் நீர் கலங்கலாக வர ஆரம்பித்தது. தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம். எப்போதும் 300 மில்லிக்கு இறங்கிவிடுகிற கசடு, ஊறிய பஞ்சு மாதிரி 900இலேயே நின்றது. எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது ஒரு லிட்டர் தொட்டி நீரில் உள்ள கசடின் எடை, 3000 மில்லிகிராம். ஆக எஸ்.வி.ஐ., அதாவது ஒரு கிராம் கசடு படிந்து பிடிக்கும் இடம், 300 மில்லி, அது 150ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சீப்பில் சிக்கிய முடி மாதிரி இழை பாக்டீரியாக்கள். நான் உட்படப் பலரும் ஒரு ஆலையைச் சந்தேகப்பட்டோம், அந்த உறுப்பினரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன், அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தப்பு நம்முடையது. மூன்று மணி நேரம் மெதுவாக நிரப்பிக்கொண்டே காற்றும் அடித்துக்கொண்டிருந்தோம். வந்த உணவு வந்தவுடனே கரைந்துபோக, அரை வயிற்றில் பிழைக்கத் தெரிந்த இழை வகைக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. போதாததற்கு, 100 பங்கு பி.ஓ.டி.க்கு (கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் வேண்டும் என்ற பழைய கணக்கை, ஆலைக் கழிவு கூடிய பிறகு யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது தண்ணீரை முதலில், வரத்தைச் சமன்செய்யும் தனித் தொட்டியில் தேக்கி ஒரே மணி நேரத்தில் நிரப்புகிறோம். அந்த நேரத்தில் மிக்சர் மட்டும்தான் ஓடும், முந்தின சுற்றில் அம்மோனியாவிலிருந்து உருவாகி மிஞ்சிய நைட்ரேட்டும் அப்போதே செலவாகிவிடும். பிறகு 5 மணி நேரம் காற்று, 1 மணி நேரம் படிவு, 1 மணி நேரம் இறக்கம். நைட்ரஜனுக்கு யூரியாவும் பாஸ்பரஸுக்கு டி.ஏ.பி. உரமும் அளந்து போடுகிறோம். குளோரினைக் கொட்டி இழையைக் கொன்றுவிடலாம் என்றும் யோசனை வந்தது, ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும், அவை வளர்வதே ஆமை வேகம் என்பதால் வேண்டாம் என்றேன். ஜாடி பழையபடி 300க்கு இறங்க ஆறேழு வாரம் பிடித்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தால் தொடர் விடுமுறை வந்தது. வரத்து குறைந்ததால் தொட்டியைப் படியவிட்டபடியே போட்டுவைத்திருந்தோம், கசடு கட்டிகட்டியாக மிதந்தது. மறுபடியும் இழைதான் என்று நான் பதற, இரவுப் பணி ஆபரேட்டர் பேசாமல் ஒரு ஜாடியை நிரப்பி, அரை மணியில் எடுக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவைத்தார். அழகாகப் படிந்த கசடு, பொடிக் குமிழ்களோடு மொத்தையாக மேலே ஏறியது. கண்ணாடிக் குச்சியால் லேசாகக் கலக்கிவிட்டார், குமிழ் விட்டுப்போய்த் திரும்ப அடியில் போய் உட்கார்ந்தது. நைட்ரேட்டிலிருந்து பிரிந்த நைட்ரஜன் வாயு செய்த வேலை அது. படியவே மாட்டேன் என்கிற கசடுக்கும் படிந்து எழும்புகிற கசடுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதற்கு, தெளிந்ததும் காத்திருக்காமல் இறக்கிவிட்டு, உபரிக் கசடையும் நாள் தவறாமல் வெளியேற்றினால் போதும். அந்த ஆபரேட்டர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அவருக்குச் சங்கத்தின் நன்றி.

மற்றபடி காற்றைக் குமிழாக்கி விடும் டிஃப்யூசர்களில் கிழிந்தவற்றை மாற்றினோம், ஒரு டீகேன்டர் மோட்டார் பழுதாகிச் சரியானது.

ஆலை உறுப்பினர்களிடம் ஒன்றே ஒன்று. தொட்டி, இயந்திரம் கழுவும் நாளை முதல்நாளே சொல்லிவிடுங்கள். காரமோ கிருமிநாசினியோ மொத்தமாக வருகிறது என்று தெரிந்தால், சமன்செய்யும் தொட்டியில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்வோம். அதற்கான படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்