26 மில்லிமீட்டர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மிக்க மகிழ்ச்சி. ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானங்கள் செய்துகொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசை வரை பசை வாடை வருகிறது என்பது வீட்டில் அன்றாடப் புகார்.

எல்லாவற்றையும் 1:144 என்ற ஒரே அளவில்தான் வாங்குகிறேன். உண்மையான விமானத்தின் 12 அடி, என் மேசையில் ஓர் அங்குலம். வெவ்வேறு காலத்து விமானங்களை ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் எது எதிலிருந்து வந்தது என்பது தெரிகிறது.

முதலில் நிற்பது காமெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பறந்து, உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கிவைத்தது. என் அலமாரியில் அதன் நீளம் 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. நான்கு இன்ஜின்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள்ளேயே புதைந்திருப்பதால், அவ்வளவு அழகான இறக்கை வேறெந்த மாதிரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1954இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலின் மேல் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறக்கும்போது ஏறியிறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் முதலான திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து விரிசல் விடுவது அப்போதுதான் தெரியவந்தது. பின்னால் வந்த காமெட் 4இல் ஜன்னல்கள் வட்டமாகிவிட்டன.

அதற்கடுத்து போயிங் 707. இன்ஜின்கள் இறக்கைக்குள் இல்லை. பி-47 குண்டுவீச்சு விமானத்தில் போயிங் கற்ற பாடத்தின்படி இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. போயிங்கின் முன்மாதிரி விமானம் 1954இல் பறந்தபோது அதன் உடல் 132 அங்குல அகலம்தான். அமெரிக்க விமானப்படைக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானத்துக்காக அது 144 ஆயிற்று. போட்டிக்கு வந்த டக்ளஸின் டிசி-8 இன்னும் அகலமாக இருந்ததால், அதைவிட ஓர் அங்குலம் கூட்டி 148 என்று முடிவு செய்தார்கள். வரிசைக்கு ஆறு பேர் உட்கார முடிந்தது. 1960இல் ஏர் இந்தியா வாங்கி, இமயச் சிகரங்களின் பெயர்களைச் சூட்டியதும் இந்த விமானங்களுக்குத்தான்.

சென்ற மாதம் 737ஐ முடித்தபோது, சும்மா ஒரு ஆர்வத்தில் வெர்னியர் காலிப்பரை எடுத்து 707, 737 இரண்டின் உடல் அகலத்தையும் அளந்தேன். 707க்கு 26 மில்லிமீட்டர். 737க்கும் அதே 26. 727ம் 757ம் அப்படியேதான். டக்ளஸை ஓர் அங்குலத்தில் முந்த எடுத்த அந்த முடிவு, என் அளவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் இன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் 737 மேக்ஸ் வரை அந்த உடல்தான் தொடர்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டையும் அளந்தேன்: 20 மில்லிமீட்டர், காமெட்டைவிடக் குறுகல். அந்தக் குறுகலுக்குள் உட்காரத்தான் அவ்வளவு கட்டணம்!

737இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. இன்ஜின் உறையின் அடிப்பாகம் தட்டையாக இருந்ததைக் கண்டு, அச்சில் வந்த குறை என்று எண்ணிப் புட்டி பூசி வட்டமாக்க முனைந்துவிட்டேன். நல்லவேளையாக ஒரு புகைப்படத்தைப் பார்த்தேன். உண்மை விமானமே அப்படித்தான். படிக்கட்டு வண்டியும் சரக்கேற்றும் கருவிகளும் இல்லாத சிறு நிலையங்களை எண்ணி 1960களில் அதைத் தரைக்கு அருகில் தாழ்வாக வடிவமைத்திருந்தார்கள். 1984இல் பறந்த 737-300க்குப் பெரிய இன்ஜின் பொருத்தியபோது கீழே இடம் போதாமல், உறையை அடியில் தட்டையாக்கினார்கள். மேக்ஸில் இன்ஜின் இன்னும் பெருத்தது. அதை முன்னும் மேலும் தள்ளி, முன்சக்கரக் காலை 8 அங்குலம் உயர்த்தினார்கள். என் அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடமாற்றத்தால் மாறிய பறக்கும் தன்மையைச் சரிக்கட்டச் சேர்த்த மென்பொருள், 2018இலும் 2019இலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 உயிர்கள் போகக் காரணமாயிற்று. என் 737இன் முன்சக்கரக் காலை ஒட்டிக்கொண்டிருந்த மாலை எனக்கு அவ்வளவு உற்சாகமாக இல்லை.

747 இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. முடித்தால் அரை மீட்டர் நீளம். வைக்க அலமாரி போதாது, தச்சரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த மாதம் பேத்தி திருமணத்துக்கு நீ விமானத்தில் வருவதாக எழுதியிருக்கிறாய். அது 737ஆக இருந்தால், ஏறும்போது புதிய கண்ணால் இன்ஜினின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வா. தட்டையா, வட்டமா என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
இராமநாதன்