பெரிய மீனை ஏன் தூக்கித் தருவதில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் முழுவதும் கரையேற்றி வைத்திருந்த படகை இந்த வாரம் தண்ணீரில் இறக்கிவிட்டோம். நியூ ஜெர்சிக் கரையிலுள்ள ராரிடன் விரிகுடாவின் தென்மேற்கு மூலையில், கீபோர்ட்டுக்கும் யூனியன் பீச்சுக்கும் எதிரே, ஆழமில்லாத கருஞ்சேற்றுத் திட்டுகள் இருக்கின்றன. மார்ச் வெயிலில் முதலில் சூடேறுவது அந்த இடம்தான். அங்கே சேற்றுப் புழு நெளியத் தொடங்கினால், உடலில் கரும் வரிகள் ஓடும் ஸ்ட்ரைப்பர் மீன் (ஸ்ட்ரைப்டு பாஸ்) வந்துவிடும். ஏப்ரலில் அதற்கு இரையாகும் பங்கர் மீன் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழையும். அதன் பின்னாலேயே பெரிய ஸ்ட்ரைப்பர்கள் வரும். மே கடைசி வரை எங்களுக்கு உறக்கம் குறைவு.

எடிசனிலிருந்தும் ஜெர்சி சிட்டியிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள் முன்பதிவின்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தலைக்கு எத்தனை மீன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்? போன ஆண்டு சிலர் மனக்குறையோடு திரும்பியதும் எங்களுக்குத் தெரியும். ஆறு பேர் ஐந்து மணி நேரம் நின்று, முப்பது மீன் பிடித்து, இரண்டே இரண்டு மீனை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கரையேறினார்கள். கட்டணம் முழுதாகக் கொடுத்தோமே என்று அவர்கள் நினைத்தது நியாயமே. அந்த நியாயத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறோம். நியூ ஜெர்சியில் ஒருவர் ஒரு நாளுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைப்பர்தான் வைத்துக்கொள்ளலாம். அதன் நீளம் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; 31 அங்குலத்தைத் தொட்டுவிடவும் கூடாது. மூக்கு நுனியிலிருந்து, வாலை ஒன்றாகக் குவித்துப் பிடித்து, வால் நுனி வரை அளக்க வேண்டும். 27 அங்குல மீனும் திரும்பப் போகும், 45 அங்குல மீனும் திரும்பப் போகும். நடுவில் இருக்கும் அந்த மூன்றங்குலம்தான் நமக்கு. அதைவிடச் சிறிய மீனுக்கு மாநிலம் தரும் கூடுதல் அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு. எங்கள் படகில் அதைப் பயன்படுத்துவதில்லை. கேப்டனும் உதவியாளரும் தங்கள் பங்கு என்று ஒரு மீனைப் பிடித்து வாடிக்கையாளரின் பெட்டியில் போடும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

இனி, போன ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் ஹட்சன் ஆற்றிலிருந்து கடலுக்குத் திரும்பும் நாட்கள் அவை. ரோமர் ஷோல் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே, பங்கர் கூட்டத்தின் ஓரத்தில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் தூண்டிலில் 46 அங்குல மீன் மாட்டியது. இருபது நிமிடம் போராடி அவனே படகருகே கொண்டுவந்தான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து நானும் கைதட்டினேன். பிறகு படம் எடுத்தோம். முதலில் பையன், அப்புறம் அப்பா, அப்புறம் மாமா, அப்புறம் எல்லோரும் சேர்ந்து. தண்ணீரின் சூடு அன்று 69 டிகிரி ஃபாரன்ஹீட். மீன் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியது என் வேலை.

தண்ணீரில் விட்டதும் அது வயிறு மேலாகப் புரண்டது. கீழ்த்தாடையைப் பிடித்தபடி படகை மெல்ல முன்னோக்கி நகர்த்தி, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி அரை மணி நேரம் வைத்திருந்தேன். அது மீளவில்லை. "சாகத்தான் போகிறது என்றால் நாமே எடுத்துக்கொள்ளலாமே" என்று பையனின் அப்பா கேட்டார். சட்டம் அதற்கு இடம் தராது. முப்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள, அந்தப் பையனைவிட மூத்த ஒரு தாய் மீனைக் கடற்காகங்களுக்கு விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் படகில் யாரும் பேசவில்லை.

இந்த மீனைப் பற்றி உங்களில் பலர் "நம்ம ஊர்க் கொடுவா மாதிரிதானே" என்று கேட்பீர்கள். பார்வைக்கும் சதைக்கும் அந்த ஒப்புமை பொருந்தும். வாழ்க்கை முறை மட்டும் நேர் எதிர். கொடுவா ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடிப் போகும். ஸ்ட்ரைப்பர் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றின் நல்ல தண்ணீருக்கு ஏறிவரும். அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுவதற்கும் சேர்த்து அதன் முக்கியமான பிறப்பிடங்கள் மூன்றுதான்: செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள், டெலவேர், ஹட்சன். இவற்றில் பெரும்பங்கு செசபீக்குடையது. அங்கே பிறந்த மீன்கள் வளர்ந்ததும் வடக்கே மெய்ன் வரை போய்த் திரும்புகின்றன. ஏப்ரலில் நம் படகின் அடியில் ஓடும் கூட்டத்தில் ஹட்சனுக்குப் போகும் மீனும் இருக்கும், மேரிலாந்தில் பிறந்த மீனும் இருக்கும்.

முட்டை ஆற்றோட்டத்தில் மிதந்தபடியே இரண்டு நாளில் பொரிக்க வேண்டும். ஓட்டம் போதாமல் அடியில் படிந்தால் சேற்றில் மூச்சுமுட்டிப் போகும். அதனால் குளிர்ந்த, மழையுள்ள வசந்தம் இந்த மீனுக்கு நல்லது. வறண்ட, சூடான வசந்தம் கெடுதல். மேரிலாந்தில் 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஆறுகளில் சிறு வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ 11 குஞ்சு என்பது நீண்டகாலச் சராசரி. 2023-இல் கிடைத்தது 1. அடுத்த ஆண்டு 2. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஒன்றுகூடச் சராசரியைத் தொடவில்லை.

ஆகவே இன்று கடலில் இருக்கும் பெரிய மீன்களுக்குப் பின்னால் வரிசை இல்லை. 2015-இலும் 2018-இலும் பிறந்த இரண்டு நல்ல தலைமுறைகள்தான் சுமையைத் தாங்கி நிற்கின்றன. 12 பவுண்டு தாய் மீன் ஏறத்தாழ எட்டரை லட்சம் முட்டையிடும். 55 பவுண்டு மீன் நாற்பது லட்சத்துக்கும் மேல். 31 அங்குலம் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2020-இல் 35 அங்குலத்துக்கு உட்பட்ட மீன்தான் எடுக்கலாம் என்றது. 2015-இல் பிறந்தவை அந்த அளவுக்குள் வளர்ந்து வந்து பெருமளவில் பிடிபட்டதும், 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக 31-ஆகக் குறைத்தது.

இந்தக் கரை இதை முன்பும் பார்த்திருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் மீன்பாடு சரிந்தது. 1984-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1985 முதல் ஐந்து ஆண்டுகள் மேரிலாந்து ஸ்ட்ரைப்பர் பிடிப்பதையே முற்றிலும் நிறுத்தியது. அப்போது ஓரளவு நன்றாக அமைந்த 1982-ஆம் ஆண்டுத் தலைமுறை ஒன்றைக் குறிவைத்து, அதன் தாய் மீன்கள் முட்டையிடும் வரை தொடாமல் காத்தார்கள். 1995-இல் மீன்வளம் மீண்டுவிட்டது என்று அறிவிக்க முடிந்தது. அந்த ஐந்தாண்டுகளில் படகை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போன பழைய கேப்டன்களின் கதைகளை ஹைலாண்ட்ஸ் துறையில் இன்றும் கேட்கலாம். எங்களுக்கு அந்த நாள் மறுபடி வர வேண்டாம். முழுத் தடை வராமல் இருக்க வேண்டுமென்றால், இப்போது கைகளைக் கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும்.

கொண்டுபோகிற மீனோடு கணக்கு முடிவதில்லை. பொழுதுபோக்காகப் பிடிக்கப்படும் ஸ்ட்ரைப்பரில் பத்துக்கு ஒன்பது திரும்ப விடப்படுகிறது. விடப்படும் நூறு மீனில் ஒன்பது சாகும் என்று ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் விடப்படும் மீன்கள் கோடிக்கணக்கில் என்பதால், பல ஆண்டுகளில் இப்படிச் சாகும் மீன்களின் எண்ணிக்கை, வீட்டுக்குப் போகும் மீன்களின் எண்ணிக்கைக்கு நெருக்கமாக வந்து நிற்கிறது. அந்த ஒன்பதை எங்களால் குறைக்க முடியும். அதற்காகத்தான் படகில் சில பழக்கங்களை மாற்றுகிறோம்.

31 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை இனிப் படகுக்குள் தூக்க மாட்டோம். அது தண்ணீரிலேயே இருக்கும். பக்கவாட்டில் குனிந்து நீங்கள் அதைத் தொடலாம், உதவியாளர் படம் எடுப்பார். குழந்தை பிடித்த மீன் என்றால் ஒரே ஒரு முறை, இரு கைகளிலும் வயிற்றைத் தாங்கி, ஐந்து எண்ணுவதற்குள் தூக்கி இறக்குவோம். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடுவது கண்டிப்பாகக் கிடையாது; அந்த எடைக்கு உள்ளுறுப்புகள் தாங்காது. கைகளை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் மேலிருக்கும் வழவழப்பைத் துடைத்துவிடும். அதுதான் அதற்கு நோய்த் தடுப்பு.

செயற்கை இரைகளிலிருந்த மூன்று முனை முட்களைக் கழற்றிவிட்டு, எதிர்முனை (முள் உருவி வராமல் தடுக்கும் சிறு கூர்) நசுக்கப்பட்ட ஒற்றை முள் பூட்டியிருக்கிறோம். இரை கோத்துப் போடும்போது வட்ட முள். இது 2021 முதல் சட்டமும்கூட. வட்ட முள்ளைப் பற்றி ஒரு வேண்டுகோள். மீன் கடித்ததும் தூண்டில் கம்பைச் சுண்டி இழுப்பது நம் எல்லோருக்கும் கையோடு வந்த பழக்கம். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால் இரையும் முள்ளும் வாயிலிருந்து உருவி வந்துவிடும். கம்பைத் தாழ்த்திப் பிடியுங்கள், தூண்டில் நரம்பு இறுகட்டும், பிறகு நிதானமாகச் சுருளைச் சுற்றுங்கள். மீன் திரும்பி ஓடும்போது முள் தானே சறுக்கி வந்து வாயின் ஓரத்தில் கோத்துக்கொள்ளும். குடலில் இறங்காது. முதல் இரண்டு கடியைத் தவறவிடுவீர்கள். மூன்றாவது பிடிபடும்.

தண்ணீர் 70 டிகிரியைத் தொட்டால் ஸ்ட்ரைப்பர் பயணத்தை நிறுத்திவிடுவோம். சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவு. போராடிக் களைத்த மீனால் மீள முடிவதில்லை. அந்த நாளுக்குப் பதிவு செய்தவர்கள் ஃப்ளூக் என்னும் தட்டை மீனுக்கு வரலாம், அல்லது இலையுதிர் காலத்துக்குத் தேதி மாற்றிக்கொள்ளலாம், அல்லது முன்பணத்தை முழுதாகத் திரும்பப் பெறலாம். ஜூன் பிற்பாதிக்குப் பதிவு செய்கிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் போகச் சொல்லியும் கேட்காதீர்கள். அங்கே 1990 முதல் ஸ்ட்ரைப்பர் பிடிப்பதே சட்டவிரோதம், பிடித்து விடுவதும்தான். கடற்படையின் ஏர்ல் பாலத்தருகே மீன் நிறைய நிற்பது உண்மை. அது தடை செய்யப்பட்ட பாதுகாப்புப் பகுதி, நாங்கள் அங்கே போக மாட்டோம்.

சாப்பாடு பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1977 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹட்சன் ஆற்றின் மேற்பகுதித் தொழிற்சாலைகள் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருளை ஆற்றில் விட்டன. அது இன்றும் ஆற்றுச் சேற்றிலும் மீன் கொழுப்பிலும் இருக்கிறது. குழந்தைகளும் கருவுற்ற, கருவுறக்கூடிய பெண்களும் இந்த விரிகுடாவின் ஸ்ட்ரைப்பரைச் சாப்பிட வேண்டாம் என்பது மாநிலத்தின் அறிவுரை. மற்றவர்கள் எப்போதாவது அளவாகச் சாப்பிடலாம். தோலை உரித்து, வயிற்றுச் சதையையும் நடுக்கோட்டை ஒட்டிய கருஞ்சதையையும் நீக்கித்தான் துண்டு போட்டுத் தருவோம். தலையும் குடலும் கேட்காதீர்கள். தலை போட்டுக் குழம்பு வைத்தால் நீங்க வேண்டிய கொழுப்பு முழுவதும் குழம்பிலேயே இறங்கும். மிளகும் மஞ்சளும் தடவி, கொழுப்பு வடிந்துபோகும்படி கம்பி அடுப்பில் சுட்டால் இந்த வெள்ளைச் சதை மிக நன்றாக இருக்கும். என் மனைவி அதில் எலுமிச்சை மட்டும் பிழிவாள், வேறொன்றும் சேர்க்க மாட்டாள். பாதரசம் சதையிலேயே இருப்பதால் எப்படி வெட்டினாலும் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தைக் குறைக்கவில்லை. எரிபொருளும் காப்பீடும் மீனின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. நீங்கள் கொடுப்பது ஐந்து மணி நேரப் படகுக்கும், மீன் எங்கே நிற்கும் என்று தேடும் எங்கள் உழைப்புக்கும், உங்கள் பாதுகாப்புக்கும். மீன் விலை அதில் இல்லை. இந்த மாநிலத்தில் பிடிக்கும் ஸ்ட்ரைப்பரை யாரும் விற்கவே முடியாது.

கடலோரக் காவல்படை உரிமத்தின்படி ஆறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். எங்கள் படகில் வருவதற்கு நீங்கள் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கரையில் நின்று தூண்டில் போடுவதாக இருந்தால் மாநிலத்தின் கட்டணமில்லாப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் காலையில் விரிகுடாவில் குளிர் எலும்பைத் தொடும். கரையில் வெயில் அடித்தாலும் இரண்டு சட்டைக்கு மேல் மழைக்கோட்டு எடுத்துவாருங்கள். வடகிழக்குக் காற்று வற்றத்துக்கு எதிராக வீசினால் சாண்டி ஹூக் முனையில் அலை குறுகிச் செங்குத்தாக எழும். அப்படித் தெரிந்தால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அழைத்துப் பயணத்தை நிறுத்துவோம், முன்பணம் திரும்பிவிடும்.

ஜூனில் வந்த அந்தப் பையனின் குடும்பம் மே முதல் வாரத்துக்கு மறுபடி பதிவு செய்திருக்கிறது. அளவுக்கோலைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஏப்ரலின் வார நாட்களில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. கடல் ஏற்றம் விடியற்காலையில் தொடங்கும் நாட்களாகப் பார்த்து அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படகுக்காரர்
ராரிடன் விரிகுடா, நியூ ஜெர்சி