சதவீதப் பக்கத்தை வைத்துக் குடும்பக் கதையை அளக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரம்பரைக் கதைகளை டி.என்.ஏ. சோதனையால் சரிபார்ப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, முடிவில் கிடைக்கும் 'இந்தப் பகுதி இத்தனை சதவீதம்' என்ற பக்கத்தைப் பற்றியே பெரிதும் பேசியது. இருப்பவற்றிலேயே பலவீனமான ஆதாரம் அதுதான். சோதனை நிறுவனம் தன்னிடமுள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு பொருத்திச் சொல்லும் மதிப்பீடு அது. மாதிரிகளைப் புதுப்பித்தால் அதே எச்சிலுக்கு வேறு எண் வரும். அதில் தெரியும் 1, 2 சதவீதத்தை நம்பி ஒரு கதையை ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

எச்சில் கொடுப்பதற்கு முன்பே கதையைக் கேள்வியாக எழுதிக்கொள்ள வேண்டும். கதையில் வருபவர் யார், எத்தனை தலைமுறைக்கு முந்தையவர், அவருக்கும் இன்று இருப்பவருக்கும் இடையே உள்ள வழி ஆண்வழியா, பெண்வழியா, கலப்பா? இதைப் பொறுத்தே சோதனையும் ஆளும் அமையும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெண்ணிடம் அது இல்லாததால் அவருடைய தந்தையோ சகோதரரோ பெரியப்பா மகனோ மாதிரி தர வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகனோடு நின்றுவிடும். அம்மாவின் அப்பாவைப் பெற்ற தாயைப் பற்றிய கதை என்றால், அந்தத் தாத்தாவிடம் அது உண்டு, பேரனிடம் இருக்காது. தாத்தா இல்லாவிட்டால் அவருடைய சகோதரியின் பிள்ளைகளைத் தேட வேண்டும்.

1998-இல் வெளியான ஜெஃபர்சன் ஆய்வு இதற்கு நல்ல பாடம். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் மகன் யாரும் பிழைத்து வளரவில்லை. அதனால் அவருடைய தந்தையின் சகோதரர் ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகளிடம் மாதிரி எடுத்தார்கள். ஜெஃபர்சனிடம் அடிமையாக வைக்கப்பட்டிருந்த, அவருக்குப் பிள்ளை பெற்றதாகச் சொல்லப்பட்ட சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசோடு அது பொருந்தியது. எஸ்டனின் தந்தை ஜெஃபர்சனின் சகோதரி மகன்களில் ஒருவர் என்று ஜெஃபர்சன் குடும்பம் சொல்லிவந்த கதை உடைந்தது. ஜெஃபர்சன் வழியினர் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த உட்சன் குடும்பத்தின் கதையும் பொருந்தவில்லை. ஆனால் ஒய் பொருத்தம் மட்டும் தாமஸையும் அவர் தம்பி ரண்டால்ஃபையும் பிரித்துக் காட்டாது. அந்த வேலையை ஆவணங்களும் பிறந்த தேதிகளும்தான் செய்ய வேண்டியிருந்தது.

கலப்பு வழிக்கு மீதமுள்ள 22 ஜோடிக் குரோமோசோம்கள் உதவும். கொள்ளுத்தாத்தாவின் பங்கு சராசரியாக 12.5 சதவீதம், எள்ளுத்தாத்தாவின் பங்கு 6.25. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். எனவே குடும்பத்தில் மூத்தவர் இருக்கும்போது இளையவரைச் சோதிப்பது பணத்தை வீணாக்குவது. 'அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். இரு மனைவியரின் வழிவந்த பேரப்பிள்ளைகள் சராசரியாக 450 சென்டிமார்கன் (பகிரும் டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) பகிர்வார்கள். இரண்டாம் குடும்பத்தின் உண்மையான தந்தை அவருடைய சகோதரர்தான் என்றால் சுமார் 230. சராசரிகள் தள்ளி இருந்தாலும் வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். 300 என்று ஒரு எண் வந்தால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. இருபக்கமும் மும்மூன்று பேரைச் சோதித்தால் படம் தெளிவாகும். பேரப்பிள்ளைகளிடையே பொருத்தமே இல்லை என்றால் இரு கதையும் பொய். அதே 'பொருத்தமில்லை' என்ற முடிவு, எள்ளுத்தாத்தா பொதுவாக உள்ளவர்களிடையே வந்தால் எதையும் மறுக்காது. அந்த முறை உறவினர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு ஜோடிக்கு அளக்கக்கூடிய பகிர்வே இருக்காது.

உறவுக்குள்ளேயே பல தலைமுறை மணம் நடந்த குடும்பங்களில் பகிர்வின் மொத்த எண் பொய்யாக உயரும். சின்னச் சின்ன டி.என்.ஏ. துண்டுகள் பல சேர்ந்து தூரத்து உறவை நெருங்கிய உறவாகக் காட்டும். அங்கே மொத்தத்தை விட்டுவிட்டு மிக நீளமான துண்டைப் பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்தவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஐயமற்ற உறவு கொண்ட இருவரையும் சோதித்து, அந்தக் குடும்பத்துக்கான அளவுகோலாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகள் எளிய பிழைகள்தான். 30 நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல் இருக்க வேண்டும். எச்சில் குழாயில் உள்ள கோட்டை நுரை தொட்டால் போதாது, திரவம் தொட வேண்டும். வாய் உலர்ந்த முதியவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைக்கும் பஞ்சுக்குச்சி வகையே ஏற்றது. ஒரே நாளில் பலரிடம் எடுத்தால் ஒருவர் குழாயை மூடி, குழாயின் எண்ணைப் பெயரோடு எழுதிய பிறகே அடுத்தவருடையதைத் திறக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் எச்சிலில் கொடையாளரின் டி.என்.ஏ. கலந்து வரும், அவரைச் சோதிக்க வேண்டாம்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத செய்தி, சம்மதம். கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போனவருக்குத் தன் தந்தை யார் என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கலாம். மாதிரி தருபவர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி, முடிவை யார் யார் பார்க்கலாம் என்று எழுதி வாங்குங்கள். சோதனை நிறுவனத்தின் கணக்கில் உள்ள 'உறவினர் பட்டியலில் காட்டு' என்ற அமைப்பை, அவர் சரி என்று சொல்லும்வரை அணைத்தே வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்