கைத்தடியோடு யார் வருவார்? புதிய சன்ஹெத்ரினுக்கு ஒரு திறந்த மடல்

2004 அக்டோபரில் இசுரயேலின் திபேரியா நகரில் கூடி, யூதர்களின் உயர் மன்றமாக இருந்த பண்டைய சன்ஹெத்ரினை மீண்டும் நிறுவியதாக அறிவித்த ரபிமார் (யூத சமய ஆசிரியர்கள்) எழுபத்தொருவருக்கும், அவர்கள் இருக்கைகளில் இன்று அமர்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் யூதன் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவன். உங்களுக்கு எழுத எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2024-இல் என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்விதான் காரணம். "சார், இயேசு பாஸ்கா உணவு சாப்பிட்ட ராத்திரிதானே கைதானார்? போன்ல பார்த்தேன், யூதர்களோட பாஸ்கா ஏப்ரல் 23-ன்னு போட்டிருக்கு. நம்ம ஈஸ்டர் மார்ச் 31-லேயே முடிஞ்சுபோச்சே?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த அடுத்த வாரம் பல மாதங்களாக நீண்டு, கடைசியில் உங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

விடை இதுதான். உங்கள் நாட்காட்டி இன்று நிலவைப் பார்த்து அமைவதல்ல. கணக்குப் போட்டு அமைவது. நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் அதை வகுத்துத் தந்ததாக உங்கள் மரபு சொல்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டின் சராசரி நீளம் சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஏறத்தாழ 216 ஆண்டுக்கு ஒரு நாள் என்று பிசகிப் பிசகி, இன்று 19 ஆண்டுச் சுழற்சியில் மூன்று ஆண்டுகள் பாஸ்கா வசந்தத்தின் முதல் முழுநிலவைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுகிறது. 2005, 2016, 2024 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். பிழை உங்கள் அறிஞர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திருத்தும் உரிமை சன்ஹெத்ரினுக்கு மட்டுமே உண்டு என்கிறார்கள். சன்ஹெத்ரின் இல்லாமல் போய் ஆயிரத்தறுநூறு ஆண்டாகிறது.

இருக்கிறது, நாங்கள்தான் அது என்கிறீர்கள் நீங்கள். ஆகவேதான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் உங்கள் மன்றம் காதில் விழுவதே புனித வார வாசகங்களில்தான். சன்ஹெத்ரின் என்ற பெயர்கூட எங்கள் மக்களுக்குத் தெரியாது. எங்கள் விவிலியத்தில் அது 'தலைமைச் சங்கம்', பழைய மொழிபெயர்ப்பில் 'ஆலோசனைச் சங்கம்'. (மூலப் பெயரே கிரேக்கம்தான் என்பதை அறிந்தபோது சிரிப்பு வந்தது. 'சேர்ந்து உட்கார்தல்' என்று பொருளாம்.) தீர்ப்பை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் சாட்சி தேடிய கூட்டம் என்றுதான் அது எங்கள் மனதில் பதிந்திருக்கிறது. இயேசுவின் சாவுக்கு அன்றிருந்த யூதர் எல்லாரையுமோ இன்றிருப்பவர்களையோ பொறுப்பாக்கக் கூடாது என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. அது எங்களைப் போன்ற சின்னப் பங்குகளின் வகுப்பறைவரை வந்து சேர நாளாகிறது. நானும் பல வருஷம் பழைய பாட்டையே பாடியவன்தான்.

உங்கள் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. வட்டமான நெற்களத்தில் பாதி போல அரைவட்டமாக உட்கார வேண்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியட்டும் என்கிறது. மரண தண்டனைக்குரிய வழக்கில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். விடுவிக்க ஒரு வாக்கு அதிகமிருந்தால் போதும், தண்டிக்க இரண்டு வேண்டும். விடுதலையை அன்றே அறிவிக்கலாம். தண்டனை என்றால் ஓர் இரவு கழிய வேண்டும். இன்னும் ஒன்று, மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூதில் வருகிறது: மன்றம் முழுவதும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், அந்த ஆளை விட்டுவிட வேண்டுமாம்! அவன் பக்கம் பேச ஒருவர்கூட எழாத இடத்தில் ஏதோ தவறு இருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு ஆண்டில் ஒருவனைக் கொல்லும் மன்றம் நாசக்கார மன்றம் என்கிறது அதே மிஷ்னா. எழுபது ஆண்டில் ஒருவனைக் கொன்றாலே அப்படித்தான் என்கிறார் எலெயாசர் பென் அசரியா. நாங்கள் அங்கே இருந்திருந்தால் எவனும் கொல்லப்பட்டிருக்க மாட்டான் என்கிறார்கள் தர்ஃபோனும் அக்கிவாவும். அப்படியானால் நாட்டில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பீர்கள் என்று வெட்டிப் பேசுகிறார் சிமியோன் பென் கமாலியேல். அந்தக் கடைசிக் குரலையும் அழிக்காமல் எழுதி வைத்தார்களே, அதில்தான் நான் விழுந்தேன்.

சரி, மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில். எருசலேம் கோவில் எரிந்து அதற்குள் நூற்று முப்பது ஆண்டு ஆகிவிட்டது. அது காட்டுவது நடந்த மன்றமா, நடந்திருக்க வேண்டிய மன்றமா என்ற வாதம் அறிஞர்களிடையே ஓயவில்லை. பழங்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசஃபஸ்) சொல்லும் மன்றம் வேறு மாதிரி. விசாரணையின்றி ஆட்களைக் கொன்றதற்காக இளைஞன் ஏரோதை அழைத்தார்கள். அவன் படையோடு வந்து நின்றான். சமாயாஸ் என்ற ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னாளில் அரசனானதும் அவரைத் தவிர மற்றவர்களைக் கொன்றான். முகம் பார்த்து உட்கார்ந்தவர்கள்தான் அவர்களும்.

இனி உங்கள் உரிமைக்கு வருகிறேன். மோசே யோசுவாவின்மேல் கை வைத்தார். அவர் அடுத்தவர்மேல் வைத்தார். அந்தச் சங்கிலியில் வந்தவரே நீதிபதி. உரோமையர் அதற்குத் தடை போட்டபோது, யூதா பென் பாவா என்ற முதியவர் உஷாவுக்கும் ஷெஃபர்அமுக்கும் இடையே, எந்த ஊரும் தண்டிக்கப்படாதபடி இரண்டு மலைகளுக்கு நடுவில், ஐந்து மாணவர்களுக்கு அந்த உரிமையைத் தந்துவிட்டு ஓடச் சொன்னார். அவர் ஓடவில்லை. முந்நூறு ஈட்டிகள் பாய்ந்து அவர் உடம்பு சல்லடையானது என்கிறது தல்மூத். அப்படிக் காத்த சங்கிலியும் பிறகு அறுந்துபோனது. கி.பி. 429-இல் உரோமைச் சட்டம் யூதத் தலைவர் பதவி முடிந்துபோன ஒன்று என்று பேசுகிறது.

இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஒரு கதவைத் திறந்து வைத்தார். இசுரயேல் நாட்டிலுள்ள அறிஞர் அனைவரும் ஒத்துக்கொண்டால் அந்த உரிமையைப் புதிதாக உண்டாக்கலாம் என்றார். எழுதிவிட்டு, இது இன்னும் முடிவு செய்யப்பட வேண்டிய விஷயம் என்று அவரே ஒரு வரி சேர்த்தார். அவர் கல்லறை இருக்கும் திபேரியாவில் நீங்கள் கூடியது அந்தக் கதவை நம்பித்தான். அந்த ஒற்றை வரியை என்ன செய்தீர்கள்?

உங்களுக்கு முன்னால் அந்தக் கதவில் கை வைத்தவர் ரபி யாக்கோபு பெராப். 1538, கலிலேயாவின் சஃபேத் நகர். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கட்டாயத்தால் மதம் மாறித் திரும்பி வந்தவர்கள், பாவச் சுமை இறங்கக் கசையடித் தண்டனையைத் தாங்களே கேட்டார்கள். அதை விதிக்க உரிமையுள்ள நீதிபதி இல்லை. சஃபேத்தின் இருபத்தைந்து அறிஞர்கள் கூடிப் பெராபுக்கு உரிமை தந்தார்கள். நோக்கத்தில் குறையே இல்லை. எருசலேமில் இருந்த ரபி லேவி இப்ன் ஹபீபைத்தான் முன்கூட்டிக் கேட்கவில்லை. பெராப் பதவி பெற்ற கையோடு அவருக்கும் ஒரு பதவியை அனுப்பி வைத்தார். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பத்திரிகை கொடுத்தது மாதிரி.

இப்ன் ஹபீப் மறுத்தார். 'அனைவரும்' என்றால் எருசலேமும் சேர்த்துத்தான் என்றார். வாதம் மோசமானது. இளம்வயதில் போர்ச்சுகலில் இப்ன் ஹபீபுக்குக் கட்டாயத் திருமுழுக்குக் கொடுத்திருந்தார்கள். பெராப் அதைக் குத்திக்காட்டினார். அவரும் மறைக்காமல் ஒத்துக்கொண்டு வருந்தி எழுதினார். கட்டாயத்தால் மதம் மாறியவர்களின் கண்ணீரைத் துடைக்கத் தொடங்கிய வேலை, அப்படி மாறிய ஒருவரின் பழைய காயத்தைக் கிளறுவதில் போய் நின்றது. பெராப் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் கை வைத்தவர்களில் யோசேப்பு காரோவும் இருந்தார். பின்னாளில் காரோ எழுதிய சட்டத் தொகுப்பை யூத உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அவர் பெற்ற நீதிபதி உரிமை சில தலைமுறைகளில் தேய்ந்து மறைந்தது.

1807-இல் பாரிஸில் நெப்போலியன் கூட்டிய 'மகா சன்ஹெத்ரின்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதிலும் எழுபத்தொரு பேர்தான். அடுத்த ஆண்டே யூதர்களின் கடன் தொழிலை நெருக்கும் ஆணை வந்தது. இசுரயேலின் முதல் சமய அமைச்சர் யூதா லேப் மைமோனும் 1948-க்குப் பிறகு இந்தக் கனவைக் கையில் எடுத்தார். பெரிய ரபிமார் பலரே ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் முறையில், தல்மூத் முழுவதற்கும் விளக்கம் எழுதிய ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் தலைவராக வந்தபோது உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. 2008-இல் அவரும் விலகினார்.

இத்தனையும் படித்த பிறகு என் மனதில் நிற்பது, கோவில் அழிந்தபின் அறிஞர்கள் கூடிய யவ்னே ஊரில் நடந்த ஒரு கதை. கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் இங்கே சொல்கிறேன். எங்கள் வாசகர்களும் இதைப் படிக்கிறார்கள்.

அப்போது பிறை கண்ட சாட்சிகளை வைத்துத்தான் மாதம் அறிவிப்பார்கள். தலைவர் கமாலியேல் இரண்டு சாட்சிகளை ஏற்றார். அடுத்த இரவு பார்த்தால் பிறையையே காணோம். தோசா பென் அர்க்கினாஸ் சொன்னார்: பிள்ளை பெற்றாள் என்கிறீர்கள், மறுநாள் அவள் வயிறு பல்லுவரை நிற்கிறதே! ரபி யோசுவா அவர் பக்கம் நின்றார். உடனே கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பினார்: உன் கணக்கின்படி எது பாவக்கழுவாய் நாளோ, அன்று கைத்தடியும் பணமுமாக என்னிடம் வந்து நில். ஆண்டின் மிகப் புனிதமான நாளில் யாரும் தொடாத பொருள்கள் அவை. யோசுவா கலங்கிப்போனார். அக்கிவா தேற்றினார். அந்தத் தோசாவே, இந்த மன்றத்தைக் கேள்வி கேட்டால் மோசே காலத்திலிருந்து எல்லா மன்றத்தையும் கேட்க வேண்டிவரும் என்றார். யோசுவா தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, என் ஆசிரியரே, என் மாணவரே வருக என்றார்.

இதோடு நிறுத்தினால் அழகான கதை. தல்மூத் நிறுத்தவில்லை. அதே கமாலியேல் இன்னொரு நாள் யோசுவாவை எல்லார் முன்னும் நிற்க வைத்து அவமானப்படுத்த, சபை கொதித்தெழுந்து அவரைத் தலைமையிலிருந்து இறக்கியது. பதினெட்டு வயது எலெயாசரை உட்கார வைத்தது. அன்றே வாயிற்காவலரை அகற்றினார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று. நானூறு பெஞ்சு கூடியது என்கிறார் ஒருவர், எழுநூறு என்கிறார் இன்னொருவர். பிறகு மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போன கமாலியேல், சுவரெல்லாம் கரியாக இருப்பதைப் பார்த்து, நீர் கொல்லரா என்று கேட்டார். எங்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்றுகூடத் தெரியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ என்றார் யோசுவா.

பெரியோர்களே, உங்களிடம் எழுபத்தொரு இருக்கை இருக்கிறது. உங்கள் யோசுவா எங்கே? உங்கள் கணக்குத் தவறு என்று உறுதியாக நம்பிக்கொண்டே, நீங்கள் அழைத்ததற்காகத் தடியோடு வரக்கூடிய ஓர் ஆள்? எனக்குக் கிடைத்த செய்திகளில் அப்படி ஒருவரும் இல்லை. நான் பார்ப்பது வேறு. 2016-இல் டிரம்புக்கும் புதினுக்கும், மூன்றாம் கோவிலைக் கட்ட உதவுங்கள் என்று எழுதினீர்கள். 2018-இல் எருசலேம் மதிலுக்கு வெளியே பலிபீடத்துக்கு அர்ப்பணச் சடங்கு நடந்தது. பழைய கோவில் நின்ற மலையில் இன்று அல் அக்சா இருக்கிறது, பாறைக் குவிமாடம் இருக்கிறது, லட்சக்கணக்கானோரின் தொழுகை இருக்கிறது. யூதர் அங்கே ஏறவே கூடாது என்று உங்கள் நாட்டுத் தலைமை ரபி அலுவலகம் பலகையே வைத்திருக்கிறது. தெருக்கோடியில் இருக்கும் ரபியை இணங்க வைக்காமல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் கடிதம் போடுவது, பெராப் செய்ததைவிடப் பெரிய தவறாக எனக்குப் படுகிறது.

அருகிலேயே வேலை கிடக்கிறது. கணவன் விலக்குச்சீட்டுத் தர மறுப்பதால் வாழ்க்கை அப்படியே நின்றுபோன பெண்கள் இருக்கிறார்கள், அகுனா என்கிறீர்கள். 1953 சட்டப்படி அங்கே யூதர்களின் திருமணமும் மணவிலக்கும் ரபி நீதிமன்றங்களின் கையில். மறுப்பவனைச் சிறையில் போட 1995-இல் சட்டம் வந்தது. உள்ளே போயும் மறுப்பவர்கள் உண்டு. இதற்கு எல்லாரும் ஏற்கும் ஒரு முடிவைச் சொல்ல அதிகாரமுள்ள மன்றம் இல்லையே என்று புலம்பாத ஆள் இல்லை. நீங்கள் அந்த மன்றம் என்றால் அந்தப் பெண்கள் உங்கள் வாசலில்தானே நிற்க வேண்டும்? நிற்கிறார்களா?

கடைசியில் அந்தச் சிறுமியின் கேள்விக்கே வருகிறேன். 2027-இல் எங்கள் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. உங்கள் பாஸ்கா ஏப்ரல் 22. மறுபடியும் ஒரு மாதம் தள்ளி. 922-இல் இசுரயேல் நாட்டு அறிஞர்களும் பாபிலோனிய அறிஞர்களும் கணக்கில் மோதி, மக்கள் வெவ்வேறு நாளில் பாஸ்கா கொண்டாடிய கதை உங்களுக்குத் தெரியும். ஆகவே இதை அவசரப்பட்டுத் தொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்காவை ஒரு மாதம் முன்னால் கொண்டுவருகிறோம் என்று அறிவிக்கிறீர்கள். அந்த இரவு, உங்கள் சொந்தத் தெருவில், எத்தனை வீட்டில் விளக்கை எடுத்துக்கொண்டு மூலை மூலையாக, பாஸ்காவுக்கு முன் அகற்றவேண்டிய புளித்த மாவைத் தேடுவார்கள்?

பதில் எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பிள்ளை இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியன்