மஸ்கெலியா கடலில் விழுந்த கதை

பண்டாரவளை,
புதன்கிழமை

அன்பின் செல்வம்,

நீ ஸ்கேன் பண்ணி அனுப்பிய மூன்று பழைய வரைபடக் கோப்பும் கிடைத்தது. இங்கே மத்தியானம் திரும்பினால் மழைதான், கரண்டும் போய்ப் போய் வருகிறது. அதற்கிடையில் மூன்றையும் திறந்து பார்த்துவிட்டேன்.

முதலில் உன் பெரிய கவலை. 1:50,000 தாளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் மஸ்கெலியா கடலுக்குள் போய் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். ஸ்கேனில் ஒரு பிழையும் இல்லை. ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். நம் இலங்கை வரைபடங்களில் இடம் குறிக்கும் மீற்றர்க் கட்டம் இரண்டு வகை. இரண்டுக்குமே மூலப்புள்ளி பிதுருதலாகல உச்சிதான். பழைய கட்டத்தில் அந்த உச்சிக்குக் கிழக்கே 200,000, வடக்கே 200,000 என்று பெயர். மென்பொருளுக்கு அந்தக் கட்டத்தைச் சொல்லும் குறியீடு இபிஎஸ்ஜி 5234. 1999இல் வந்த புதிய கட்டத்தில் அதே உச்சிக்கு 500,000, 500,000. குறியீடு 5235. உன் தாளின் ஓரத்தில் மஸ்கெலியாவுக்கு நேரே கிழக்கு 178,000, வடக்கு 181,000 அளவில் ஓடுகிறது. அப்படியானால் பழைய கட்டம். நீ 5235 கொடுத்ததால் படம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப் போய்விட்டது. குறியீட்டை மட்டும் மாற்று, ஊர் திரும்பி வரும். இனி எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் முதலில் ஓரத்து எண்ணைப் பார்: மலைநாட்டில் அது 200,000ஐச் சுற்றியா, 500,000ஐச் சுற்றியா?

இரண்டாவது கோப்பு, அந்த ஒரு அங்குலத் தாள். அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360. இதில் பாகையும் கலையும் அச்சாகியிருப்பதால் நாலு மூலையையும் உள்ளே கோடுகள் வெட்டும் இடங்களையும் கட்டுப்பாட்டுப் புள்ளியாக, அதாவது படத்தை நிலத்தோடு பொருத்தும் புள்ளியாக எடு. ரோட்டுச் சந்தியையோ ஆற்று வளைவையோ எடுக்காதே. குறியீடு இபிஎஸ்ஜி 4244, கந்தவல டேட்டம் (டேட்டம் என்றால் பாகைகளை எங்கிருந்து எண்ணுவது என்ற அடிப்படை). இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் இரண்டு. 80 பாகை 45 கலையை 80.45 என்று தட்டுவது ஒன்று. 60 கலை ஒரு பாகை, ஆகவே அது 80.75. தப்பாகத் தட்டினால் 33 கிலோமீற்றர் பிசகும், அதைக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். மற்றது கள்ளப் பிழை. கந்தவல எண்களை ஜிபிஎஸ்ஸின் டபிள்யூஜிஎஸ் 84 என்று சொல்லி ஏற்றினால் படம் ஏறக்குறைய சரியாகவே உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் 200 மீற்றருக்கு மேல் மேற்கே தள்ளியிருக்கும். மலையில் 200 மீற்றர் என்றால் ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஓடைக்கு அக்கரை போய்விடும். உன் முந்திய கடிதத்தில் 'ஓடை இடம் மாறியிருக்கிறது' என்று எழுதினாயே, எனக்குச் சந்தேகம் இதில்தான். ஓடையைக் குற்றம் சொல்லுமுன் டேட்டத்தைப் பார்.

அந்தத் தாள் துணி ஒட்டி மடித்தது. மடிப்புக்காகத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறார்கள். திரையில் அளந்து பார்த்தேன், ஒவ்வொரு இடைவெளியும் 2 மில்லிமீற்றர் வரும். நிலத்தில் அது 127 மீற்றர். முழுத் தாளுக்கும் ஒரே கணக்காகப் போட்டால் எத்தனை புள்ளி வைத்தாலும் பிழை குறையாது. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இடைவெளிகளை வெட்டி எடுத்துத் துண்டுகளை நெருக்கி ஒட்டு. கோடுகள் தொடருகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு புள்ளி வை. காகிதமும் ஈரத்தில் நீளும், நீளத்துக்கு ஒரு மாதிரி, அகலத்துக்கு ஒரு மாதிரி. 60 சென்ரிமீற்றரில் நூற்றுக்கு அரை வீதம் என்றாலே 3 மில்லிமீற்றர், அதாவது 190 மீற்றர். அதனால் கியூஜிஐஎஸ்ஸில் படத்தைப் பொருத்தும் முறைகளில் ஹெல்மேர்ட் வேண்டாம், அது இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ளும். பொலினோமியல் 1 போதும். அதற்கு மூன்று புள்ளி கட்டாயம். நீ பத்துப் பன்னிரண்டு வை, அப்போதுதான் எந்தப் புள்ளி கெட்டது என்று தெரியும். தின் பிளேட் ஸ்பிளைன் என்ற முறையைப் போட்டால் மிச்சப் பிழை பூச்சியம் என்று காட்டும். அதை நம்பாதே. அது தப்பான புள்ளிக்கும் சேர்த்துப் படத்தை ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக: 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் கோப்பு. ஒரு அங்குலத் தாளில் ஒரு பிக்சல் 4 மீற்றர் வரும். அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் தெரியும். 60க்கு 75 சென்ரிமீற்றர் தாள் 335 மெகாபைட் அளவில் இருக்கும், எல்ஸெட்டபிள்யூ சுருக்கம் போட்டு வை, அதில் படம் கெடாது. ஃபோனில் எடுத்த படம் வேண்டவே வேண்டாம், ஓரம் வளையும்.

மூன்றாவது, தோட்டத்துப் பிளான். மூன்றிலும் அருமையானது இதுதான், தொல்லை பிடித்ததும் இதுதான். பாகை இல்லை, கட்டம் இல்லை, மூலையில் அங்குலத்துக்கு 4 சங்கிலி என்று மட்டும் இருக்கிறது. சங்கிலி 66 அடி, ஆகவே 1:3,168. இதற்குத்தான் நிலத்தில் அசையாத பொருள் தேட வேண்டும். நான் எடுக்கிற வரிசை: கல்தூண் பாலம், துரை பங்களாவின் மூலை, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). ஸ்டோர் எரிந்து வேறிடத்தில் கட்டியிருக்கவும் கூடும், அதை அங்கேயே பெரியவர்களிடம் கேட்டுக்கொள். லயம் இடித்துக் கட்டியிருக்கும். கோவிலும் மரத்தடியிலிருந்து மேட்டுக்குப் போயிருக்கும். இன்னொன்று, செங்குத்துச் சரிவில் செய்மதிப் படமே சில மீற்றர் சாய்ந்திருக்கும். பள்ளத்தாக்கில் இருக்கிற புள்ளிகளை நம்பு, உச்சிகளைவிட. முடிந்தால் பாலத்தடியில் நின்று ஜிபிஎஸ்ஸில் எடு.

பிளானின் கீழ்ப்பாதி மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதே என்று கேட்டிருந்தாய். அணை 1969. கூகிள் எர்த்தில் பழைய ஆண்டுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார். நீர் வற்றிய மாதங்களில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். பழைய மஸ்கெலியா நகரத்துக் கோவில் அப்போது வெளியே தெரியும். அங்கே ஒரு புள்ளி கிடைத்தால் கீழ்ப்பாதி நேராகிவிடும். மேல்பாதியில் மட்டும் புள்ளி வைத்துக் கீழே நீட்டினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பிழை வளரும்.

தாளில் அச்சாகியிருக்கிற ஆண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. மறுபதிப்பில் ரோட்டைத் திருத்துவார்கள், மற்றதெல்லாம் பழைய நில அளவைப்படியே கிடக்கும். நீர்த்தேக்கமும் ரயிலும் நல்ல சாட்சி. காசல்ரீ அணை 1965. ரயில் நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. பக்கத்துத் தாள் வாங்கினால், பாதை பண்டாரவளையோடு நிற்கிறதா என்று பார். நின்றால் அந்த அளவை 1924க்கு முந்தியது.

இனி அந்த 7 பேர்ச் காணி விஷயம். காணித்துண்டு எங்கே விழுகிறது என்று ஒரு அங்குலத் தாளை வைத்துக் காட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. 7 பேர்ச் 177 சதுர மீற்றர், சதுரமாக எடுத்தால் பக்கம் 13.3 மீற்றர். அந்தத் தாளில் அது 0.21 மில்லிமீற்றர். தாளில் ரோட்டைக் காட்டும் கோடே அவ்வளவு தடிப்பு. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அச்சடித்தவன் போட்ட மையைத்தான் பெரிதாக்குகிறாய். அதே துண்டு தோட்டத்துப் பிளானில் 4.2 மில்லிமீற்றர் வரும். எந்த லயத்துக்குப் பக்கம், ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று காட்ட அது போதும். எல்லை போட அதுவும் போதாது, அதற்கு நில அளவையாளர் வந்து கல் நாட்ட வேண்டும். கூட்டத்தில் யாராவது கேட்டால் 0.21, 4.2 என்ற இந்த இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டு.

ஒரு அங்குலத் தாளுக்கு வேலை வேறே இருக்கிறது. ஓடைகள். லயத்துக்கு மேலே தாளில் நீலக் கோடு இறங்கி, இப்போது அங்கே ஒன்றும் தெரியாவிட்டால், அந்த இடங்களைப் படத்தின் மேல் தனி அடுக்காக (லேயர்) வட்டமிட்டு வை. மண் போட்டு மூடினாலும் பெருமழையில் தண்ணீர் பழைய பள்ளத்தைத்தான் தேடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 மண்சரிவு அபாய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

பெயர்களுக்கு மூன்று நிரல் போடு: தாளில் உள்ள ஆங்கிலப் பெயர் (தமிழ் எழுத்திலும் எழுதி), சிங்களப் பெயர், சனங்கள் கூப்பிடுகிற பெயர். மூன்றாவது நிரல்தான் எங்கும் அச்சில் இல்லாதது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நம்பர் மலை எல்லாம் அதில் வரட்டும்.

அடுத்த முறை பிளானின் வலது கீழ் மூலையைத் தனியாக ஸ்கேன் பண்ணி அனுப்பு. அங்கே வட அம்புக்குப் பக்கத்தில் ஏதோ பென்சிலில் எழுதியிருக்கிறது, காந்த வடக்கா மெய் வடக்கா என்று அதில்தான் தெரியும் போல. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜூ