வலை பொத்தித் தந்த கைக்கு

அன்பான ஊர் உறவுகளுக்கும், அயல் ஊர்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பிய அம்மா அப்பாமாருக்கும், முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் ஐயா ஒருவருக்கும்,

எங்கள் பெண் பிள்ளைகளின் கரப்பந்தாட்டப் போட்டி முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் முழுதாக அழியவில்லை. இப்போதே எழுதாவிட்டால் நன்றி சொல்லாமலே விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

கார்த்திகை வெள்ளத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அதே தண்ணீருக்குள்தான் நின்றோம்.

ஆனால் இந்தப் போட்டி எங்கே தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். 2025 ஆவணியில் தாய்லாந்தில் பெண்கள் கரப்பந்தாட்ட உலக சம்பியன்ஷிப் நடந்தபோது, எங்கள் பிள்ளைகள் வாசிகசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதைப் பார்த்தார்கள். முதல் முறையாக 32 நாடுகள் விளையாடிய போட்டி அது. செப்டெம்பர் 7ஆம் திகதி பாங்கொக்கில் இறுதியாட்டம். இத்தாலியும் துருக்கியும் மாறி மாறி செற் எடுத்து, ஐந்தாவது செற்றில்தான் 15–8 என்று இத்தாலி வென்றது. அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை விருது, ஓங்கி அடித்தவர் எவருக்கும் போகவில்லை. அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் இத்தாலியின் செற்றர் அலெசியா ஒர்ரோவுக்குப் போனது. எங்கள் செற்றர் பிள்ளை அதுவரை கிழமைக்கு ஒரு தடவையாவது "ரீச்சர், என்னையும் அடிக்க விடுங்கோ" என்று கேட்பாள். அன்றைக்குப் பிறகு கேட்கவே இல்லை.

அன்று இரவே பிள்ளைகள் திட்டம் போட்டுவிட்டார்கள். நாங்களும் நான்கு ஊர்ப் பெண்களைக் கூப்பிடுவோம், அரையிறுதிக்கு வந்த நான்கு நாடுகளின் பெயரை ஆளுக்கொன்றாக வைப்போம் என்றார்கள். உயரம் குறைந்த எங்கள் பிள்ளைகள் யோசிக்காமல் ஜப்பானை எடுத்தார்கள். விழுந்து விழுந்து பந்து எடுக்கும் அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு அப்படி ஒரு பிடிப்பு. திகதியும் குறித்தோம். அப்புறம்தான் தண்ணீர் வந்தது.

வடிந்த பிறகு வலையைத் தேடி எடுத்தோம். வேலியில் சிக்கி, சேறும் முள்ளுமாகக் கிடந்தது. நடுவில் ஓர் ஆள் படுக்கலாம் போல ஓட்டை. அதை உரப்பையில் போட்டுக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனேன். புதிய வலை என்ன விலை என்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் நிலையத்தில் வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த ஐயா பையின் வாயால் தெரிந்த நூலைப் பார்த்தார். "பிள்ளை, அது என்ன வலை? கண் பெரிசாய் இருக்கு."

"மீன் வலை இல்லை ஐயா. கரப்பந்து வலை."

அவர் கேட்காமலே அதை வெளியே எடுத்து மடியில் விரித்தார். ஒரு கண்ணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இழுத்துப் பார்த்தார். பத்து சென்ரிமீற்றர் சதுரம் என்றேன். "சரி, வைச்சிட்டுப் போங்கோ. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார்.

மறுநாள் போனபோது வலையைப் பூவரச மரத்துக்கும் கொட்டில் தூணுக்கும் இடையில் கட்டியிருந்தார். சரியாகப் பத்து சென்ரிமீற்றரில் ஒரு பலகைத் துண்டு வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் நூலை அந்தப் பலகையில் சுற்றி, வலை ஊசியை உள்ளே விட்டு இழுத்து முடிந்தார். "எங்கட வலை தொங்கினால் கண் சாயும், அது பரவாயில்லை. உங்கட வலை சதுரமாய் நிக்க வேணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். முடிச்சு விழுந்ததும் நூல் நுனியை லைற்றரால் சுட்டு, எச்சில் தொட்ட விரலால் அமத்தித் தட்டையாக்கினார். எதற்கு என்று கேட்டேன். "பிள்ளையளின்ர கை படுமெல்லோ. கீறும்."

எண்பதுக்கு மேற்பட்ட கண்கள். ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்தார்.

முற்றத்து மூலையில் அவருடைய சொந்த வலைகள் சேற்றோடு குவிந்து கிடந்தன. அதில் அவர் இன்னும் கை வைக்கவே இல்லை. எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "கடல் இன்னும் அடங்கேல்லை. எனக்கு அவசரமில்லை. நீங்கள் நாள் குறிச்சிட்டியள்." காசை நீட்டினேன், வாங்கவில்லை. பெயரும் எழுத வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உழவு இயந்திரத்தில் மூன்று தடவை மணல் பறித்த தம்பி, விடியமுன் எழும்பி அத்தனை பேருக்கும் பிட்டும் சம்பலும் செய்த மாதர் சங்க அக்காமார், கனடாவிலிருந்து இரண்டு பந்துக்குக் காசு அனுப்பிய அண்ணை, கூலி வாங்காமல் நடுவராக நின்ற ஆசிரியர்கள், ஒட்டுசுட்டான் பக்கமும் விசுவமடுப் பக்கமும் இருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த ஓட்டோக்காரர்கள், உங்கள் எல்லோருக்கும். எங்கள் கம்பத்தில் பெடியளின் 2.43 மீற்றர் உயரத்துக்கு மட்டும்தான் கொழுக்கி இருந்தது. சொல்லாமலே பெண்களின் உயரமான 2.24இல் இன்னொரு கொழுக்கி அடித்து வைத்த பெடியளுக்குத் தனியாக ஒரு நன்றி. இத்தனை வருடமும் பெண் பிள்ளைகள் ஒன்றில் கயிற்றை இறக்கிக் கட்டினார்கள், இல்லாவிட்டால் எட்டாத வலையில் விளையாடினார்கள். நானும் அப்படித்தான் விளையாடி வளர்ந்தேன்.

கரப்பந்தாட்டத்தை நாட்டின் தேசிய விளையாட்டு என்று 1991இல் அறிவித்தார்கள். அந்த வருடம் வன்னி எப்படி இருந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த அறிவிப்பு எங்கள் பெண் பிள்ளைகளிடம் வந்து சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொழுக்கியைப் பார்த்தபோது நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் இந்தப் போட்டியை வைப்பேன். மழை வந்தாலும், கையில் காசில்லாவிட்டாலும் வைப்பேன். நீங்கள் எல்லோரும் பார்க்க இதை எழுதுகிறேன், விட்டுவிட்டால் கேளுங்கள்.

பாங்கொக்கில் வென்றது இத்தாலி. எங்கள் மைதானத்தில் துருக்கி வென்றது. ஜப்பான் மூன்றாவது.

ஐயா இறுதியாட்டத்துக்கு வந்திருந்தார். கறுப்பு வலையின் நடுவில் அவர் பொத்திய இடம் மட்டும் மீன் வலைப் பச்சையாகத் தெரிந்தது. பிள்ளைகள் அதைப் 'பச்சைக் கண்' என்று சொல்லி, அதற்கு மேலாகக் குறி வைத்து அடித்தார்கள். பரிசு கொடுத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் தனியாக வலைக்குக் கிட்டப் போனதைக் கண்டேன். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவி வந்தார். ஒன்று இளகியிருந்தது போல. சேட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்து, அங்கேயே நின்று அதை இறுக்கி முடிந்தார். நான் தேத்தண்ணியோடு திரும்பி வருவதற்குள் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஐயா, அந்தத் தேத்தண்ணி உங்களுக்காக இங்கே இருக்கிறது. வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு உங்கள் முற்றத்துக்கு வருகிறோம். உங்கள் வலைகளைச் சேறு கழுவிக் காயப்போட்டுத் தருவோம். முடிச்சுப் போட நீங்கள்தான் பழக்க வேண்டும்.

அன்போடும் நன்றியோடும்,
பிள்ளைகளின் ரீச்சர்