ஏழாம் வகுப்பின் ஓவியப் பாடவேளை குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்குவதால் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுக்கும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கொடுப்பதாக இல்லை. காரணம் சொல்லாமல் மறுப்பது முறையல்ல என்பதால், சென்ற வாரம் அந்த வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஓவிய ஆசிரியர் திரையில் ஒரே ஒரு படம் போட்டார். நெதர்லாந்து நாட்டு (டச்சு) ஓவியர் ஆல்பெர்ட் கைப் 1658-60 வாக்கில் தீட்டியது. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஏறக்குறைய 241 செ.மீ. அகலம். ஆற்றங்கரை, தூரத்தில் மலை, மாடுகள், மேய்ப்பவர்கள், குதிரையில் வந்த ஒருவர், எல்லார் மேலும் பொன்னாகச் சாயும் வெயில். பத்து நிமிடம் பேச்சு கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்றார்.

முதலில் எல்லாரும் மாடு, குதிரை என்றார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "சார், புதருக்குள்ள ஒருத்தர் துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கார்!" என்றாள். வகுப்பே எழுந்து திரையை மொய்த்துவிட்டது. உண்மைதான். இடது ஓரத்தில் ஒரு வேட்டைக்காரர் தண்ணீரில் மிதக்கும் வாத்துகளைக் குறிபார்க்கிறார். இன்னும் சுடவில்லை. சுட்டால் அந்த அமைதி என்ன ஆகும் என்று அரைமணி நேரம் வாதம்.

"நெதர்லாந்து தாழ்நிலம்னு புக்ல இருக்கே, மலை எப்படி வந்தது?" என்று ஒருவன் மடக்கினான். கைப், டோர்ட்ரெக்ட் ஊர்க்காரர். ரைன் ஆற்றோரம் பயணம் போய்க் குன்றுகளைப் பார்த்து வரைந்து வந்தவர். அந்த வெயிலோ இத்தாலியுடையது. அவர் இத்தாலிக்குப் போனதற்குச் சான்று இல்லை. ரோமிலிருந்து ஊர் திரும்பிய யான் போத் போன்ற டச்சு ஓவியர்களின் படங்களிலிருந்து பிடித்துக்கொண்டது. மாடுகள் மட்டும் உள்ளூர்.

வீட்டில் கறவை மாடு வைத்திருக்கும் பையன் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி: "இத்தனை மாடு நிக்குது, சாணி எங்க சார்?" இத்தகைய படங்களை வாங்கி மாட்டியவர்கள் வசதியானவர்கள், விடியற்காலையில் பால் கறந்தவர்கள் அல்லர் என்று ஆசிரியர் விளக்கினார். வரலாற்றுப் பாடத்தில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இந்த வார வீட்டுப்பாடம்: மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று, வெயில் எதன் மேல் எப்படி விழுகிறது என்று பார்த்து வண்ணம் தீட்ட வேண்டும். சுவர், மாடு, மோட்டார் சைக்கிள், எதுவானாலும் சரி. சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். தயவுசெய்து நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள், பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. செல்போன் படத்தைப் பார்த்து வரைவதும் வேண்டாம். இருக்கிற கிரேயான் போதும், புதுப் பெட்டி தேவையில்லை. படங்களை அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று தாழ்வாரத்தில் மாட்டி வைப்போம்.

கணக்கில் கூடுதல் பயிற்சி வேண்டியவர்களுக்குத் தேர்வு வரை தினமும் மாலை 4.15 முதல் 5 மணி வரை சிறப்பு வகுப்பு உண்டு. வெயில் இறங்குவதற்குள் விட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்